பூனையைக் காட்டுங்கோ

மாத்தளைக்குப் பக்கத்தில் உக்குவளையில் நான் வாடகைக்கு இருக்கும் அனெக்ஸ் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும்தான். முன்பக்கம் வீட்டுக்காரரின் வீடு, நடுவில் அவர் கராம்பும் மிளகும் வாங்கி அடுக்கும் களஞ்சியம், அதற்குப் பின்னால் நான். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் கராம்பு மணக்கும். வந்த புதிதில் யார் வீட்டிலோ புரியாணி என்று நினைத்து நாக்கில் நீர் ஊற உட்கார்ந்திருக்கிறேன். இப்போது நான் உடுத்தும் சேட்டுகளும் அப்படியே மணப்பதால் மணமே தெரிவதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றத்தில் இங்கே வந்தவன் நான். குளங்களையும் வாய்க்கால்களையும் அளந்து வரைபடம் போடுவது என் வேலை. மனைவி யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. அவள் மாத்தளைக்கு மாற்றம் கேட்டால் வெற்றிடம் இல்லை என்கிறார்கள். நான் அங்கே போகக் கேட்டால், உங்கள் இடத்துக்கு ஆள் வரட்டும், பிறகு பார்ப்போம் என்கிறார்கள். என் இடத்துக்கு வரப்போகிற அந்த ஆளை நான் திட்டியிருப்பதுபோல இந்த உலகத்தில் வேறு யாரையும் திட்டியதில்லை. அவர் இன்னும் பிறக்கவேயில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் இங்கே வந்தபோது மகள் பாலர் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது ஏழு வயது. மாதத்தில் ஒரு தடவை, லீவு கிடைத்தால் இரண்டு தடவை, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் வருவேன். அவள் என்னை ஒரு நல்ல விருந்தாளியைப்போல நடத்தினாள். சிரிப்பாள், தண்ணீர் கொண்டுவந்து தருவாள், பிறகு அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். மடியில் தூக்கி இருத்தினால் மறுக்க மாட்டாள். ஆனால் எப்போது விடுவார் என்று அந்தச் சின்ன முதுகு காத்திருப்பது என் நெஞ்சுக்குத் தெரியும்.

மற்ற நாட்களில் போன்தான். மாலை ஏழு மணிக்கு வீடியோ அழைப்பு எடுப்பேன். மனைவி எடுத்து, "அப்பா லைனிலை நிக்கிறார், கெதியா வாங்கோ" என்று கூப்பிடுவாள். கொஞ்ச நேரம் சுவர் தெரியும். பிறகு பாதி நெற்றியும் ஒரு கண்ணுமாக மகள் வருவாள். அவளுடைய தோளில் மனைவியின் கை இருக்கும்.

"சாப்பிட்டாச்சோ?"

"ஓம்."

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

"சோறு."

"பள்ளிக்கூடம் எப்பிடி?"

"நல்லம்."

அவ்வளவுதான். அதற்குமேல் எனக்கும் கேட்கத் தெரியாது. "அப்பாவுக்கு அந்தப் பாட்டைப் பாடிக் காட்டுங்கோ" என்று மனைவி தூண்டுவாள். மகளின் கண் டி.வி. இருக்கும் பக்கம் போகும். பிறகு மிகவும் மரியாதையாக, "வைக்கட்டே அப்பா?" என்று கேட்பாள். எத்தனையோ மேலதிகாரிகளிடம் எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறேன், எதுவும் என்னை இந்த இரண்டு சொல்லைப்போலச் சுட்டதில்லை. வைத்த பிறகு போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, கண்டிப் பக்கம் போகும் ரயில் வந்து போகும்வரை சும்மா இருப்பேன். பிறகுதான் சோறு வைக்கத் தோன்றும்.

பூனைக்குட்டி வந்தது ஜூன் மாதத்தில். களஞ்சியத்துச் சாக்குகளுக்கு நடுவே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. பிறகு ஒருநாள் அது மற்றக் குட்டிகளைக் கவ்விக்கொண்டு எங்கோ போய்விட்டது, ஒன்றை மட்டும் விட்டுவிட்டு. வீட்டுக்காரரின் மனைவி அதைச் சேலைத் தலைப்பில் வைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைக்கிற வழக்கப்படி நான் அவரை ராத்தா என்பேன், அவருடைய கணவரை அண்ணன் முறையில் நானா என்பேன்.

"தம்பி, நீங்க தனியத்தானே இருக்கிறீங்க. இதுவும் தனியத்தான். வச்சிக்கங்க" என்றார்.

எனக்குப் பூனை வேண்டியிருக்கவில்லை. காலையில் பல்லேகம பக்கம் ஜீப்பில் போனால் பொழுதுபடத்தான் வருகிறவன் நான். பகலில் தான் பார்த்துக்கொள்வதாக ராத்தா சொன்னார். மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டேன். சாம்பல் நிறம், வயிறு வெள்ளை, என் உள்ளங்கையில் அடங்கும் அளவு.

அன்று மாலை வழமையான கேள்விகள் முடிந்து "வைக்கட்டே" வரப்போகிற நேரத்தில் மேசைக்குக் கீழேயிருந்து குட்டி கத்தியது. மகளின் முழு முகமும் திரைக்குள் வந்துவிட்டது.

"அப்பா! அது என்ன சத்தம்? பூனைக்குட்டியோ? அப்பா, பூனையைக் காட்டுங்கோ!"

ஒரே மூச்சில் இரண்டு தடவை அப்பா என்றாள், யாரும் சொல்லிக்கொடுக்காமல். குனிந்து குட்டியைப் பிடித்துத் திரைக்கு முன்னால் தூக்கினேன். அவள் போனுக்குள் விழுந்துவிடுவதுபோல நெருங்கி வந்தாள், மூக்குத் துவாரம் மட்டும் தெரிந்தது. மனைவியும் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் ஒரு சிரிப்பு நின்று எவ்வளவோ காலமாகியிருந்தது. அன்றைக்கு "வைக்கட்டே" வரவேயில்லை, போனில் டேட்டா முடிந்துதான் அழைப்பு அறுந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு வித்தைக்காரன் ஆகிவிட்டேன். ஏழு மணிக்குப் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைப்பேன். அழைப்பு எடுத்ததும் அவர்கள் இருவரின் குரலும் கேட்கும், "பூனையைக் காட்டுங்கோ" என்று. எங்கே படுத்திருந்தாலும் குட்டியைத் தேடிப் பிடித்து வருவேன். என் அறையில் வெளிச்சம் போதாது. அதனால் ஒரு கையால் முன்கால்களுக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் டோர்ச் அடிப்பேன். கண் பச்சையாக மினுங்கும். அது மகளுக்கு மிகவும் பிடிக்கும், வீடு அதிரக் கத்துவாள். குட்டி பின்கால்களை உதைத்துக்கொண்டு தொங்கும். "அப்பா, அது டான்ஸ் ஆடுது!" என்பாள். நானும் டான்ஸ் என்றுதான் சொன்னேன். சில நாட்களில் என் மணிக்கட்டில் கீறல் விழும். டெட்டோல் போட்டுக்கொண்டு சந்தோஷமாகச் சோறு வைப்பேன்.

மற்ற நேரமெல்லாம் அந்தக் குட்டி என்னோடு நன்றாகத்தான் இருந்தது. விரித்த வரைபடத்தின் நடுவில் படுத்துக்கொள்ளும், நான் அதைச் சுற்றி வாய்க்கால் வரைவேன். சமைக்கும்போது நெத்தலிக் கருவாட்டைக் கேட்டுக் காலைச் சுற்றும். நான் அதனோடு பேசத் தொடங்கியிருந்தேன். அலுவலகத்தில் சிங்களம், வீட்டுக்காரர்களோடு அளவான பேச்சு. என் ஊர்ப் பேச்சை இந்த ஊரில் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

ஜூலை முடியும்போது மனைவி சொன்னாள், ஓகஸ்ட் விடுமுறைக்கு மாத்தளைக்குப் போகவேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறாள் என்று. இத்தனை வருடத்தில் அவர்கள் இங்கே வந்ததில்லை. நீண்ட பயணம், ஒற்றை அறை, எதற்கு என்று நாங்களே விட்டுவிட்டோம். அவள் வருவது என்னைப் பார்க்க அல்ல என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் வருகிறாள் என்பது போதுமாக இருந்தது. புதிய படுக்கை விரிப்பு வாங்கினேன். சுவரில் இருந்த பூஞ்சணத்தைத் தேய்த்துக் கழுவினேன். நானா ஒரு மெத்தை தந்தார்.

விடிகாலையில் மாத்தளையில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "பூனை எங்கை?" என்பதுதான். முச்சக்கரவண்டியில் வழி முழுக்கப் பூனைக் கதையே கதைத்துக்கொண்டு வந்தாள். என் கையைப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை, அதனால் நான் கையை அசைக்காமல் வைத்திருந்தேன்.

கதவைத் திறந்தேன். குட்டி என் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தது. மகள் வாசலில் நின்று, "குட்டீ!" என்று கூப்பிட்டாள்.

அது எழும்பியதைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. அலுமாரிக்கு மேலே ஏறி, பழைய வரைபடச் சுருள்களுக்குப் பின்னால் போய்விட்டது. பயணக் களைப்பு உங்களுக்கு, பயக் களைப்பு இதற்கு, கொஞ்சம் பொறுங்கோ என்று சமாதானம் சொன்னேன். மாலைவரை இறங்கவில்லை. அடுத்த நாளும் இறங்கவில்லை. அவர்கள் குளிக்கப் போனால் இறங்கி வந்து சாப்பிடும், முன்வீட்டுக்கும் ஓடிப் போய் வரும். பேச்சுச் சத்தம் கேட்டதும் மறுபடியும் மேலே.

மனைவி சிரித்துக்கொண்டு ஒரு விளக்கம் சொன்னாள். "ஆம்பிளை வளர்த்த பூனையப்பா. பொம்பிளையளைக் கண்டால் ஓடும்." ஆனால் அதே பூனை பகல் முழுக்க ராத்தாவின் மடியில் கிடக்கிற பூனை. சின்னப் பிள்ளைகள் வாலை இழுப்பார்கள் என்ற பயம் என்றார் நானா. அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பேத்தி, நடை பழகுகிற குழந்தை, அந்தக் குட்டியின் இடுப்பைப் பிடித்து முற்றத்தில் இழுத்துக்கொண்டு போனாள். அது வாயைக்கூடத் திறக்கவில்லை. என் மகள் களஞ்சியத்து வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"அதுக்கு என்னைப் பிடிக்கேல்லை" என்றாள் அன்று மாலை, யாருக்கும் சொல்லாமல் சுவருக்குச் சொல்வதுபோல.

ராத்தாவுக்கு அவளைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. "புது மனுசர் வாசம் தம்பி, அதுதான். ஒங்கட பழைய சேட்டு ஒன்ன புள்ளைக்குப் போட்டு விடுங்க. ஒங்க வாசம் வந்தா வரும்" என்றார். நான் வேலைக்குப் போடும் சேட்டை மகள் போட்டுக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கைகளை மடித்து விட்டேன். "உங்கடை சேட்டைப் போட்டால் பூனை என்ன, நானே ஓடுவன்" என்றாள் மனைவி. மகள் அலுமாரிக்குக் கீழே சப்பணம் கட்டிக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் குட்டி மெதுவாக இறங்கி வந்தது. கை மடிப்பை மணந்து பார்த்தது. அவளால் தாங்க முடியவில்லை. "அம்மா, வருது!" என்றாள். மறுகணம் அங்கே பூனை இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பூனைக்குட்டியோடு கோபித்துக்கொள்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது, ஆனாலும் வந்தது. இவ்வளவு மீன் போட்டேன், என் பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்று, அதைச் செய்ய உனக்கு என்ன கேடு என்று அலுமாரியைப் பார்த்துத் திட்டினேன். மகள் சேட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டாள். அதன்பிறகு அம்மாவின் பக்கத்தைவிட்டு அசையவில்லை. நான் ஏதாவது கேட்டால் "ஓம்", "நல்லம்" என்று பதில் வந்தது. ஏழு மணிப் போனுக்குள் இருக்கிற பிள்ளை அப்படியே இறங்கி வந்து என் அறைக்குள் உட்கார்ந்திருந்தது. "எப்ப வீட்டை போறம்?" என்று அவள் கேட்டதும், "சனிக்கிழமை வெளிக்கிடுவமோ?" என்று மனைவி என்னைக் கேட்டாள். விடுமுறை முழுக்க இருப்பதாக வந்தவர்கள். சனிக்கிழமை போனால் அவள் இனி வரப்போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அடுத்த நாள் அவர்கள் இருவரையும் ராத்தா மாத்தளைக் கடைத் தெருவுக்குக் கூட்டிப் போனார். நான் லீவு போட்டிருந்ததால் வீட்டில் இருந்து நெத்தலி துப்புரவு செய்துகொண்டிருந்தேன். குட்டி இறங்கி வந்து என் பாதத்தின்மேல் உட்கார்ந்தது. அதனோடு நான் பேசவில்லை. போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. மீன் கையோடு ஒரு விரலால் தட்டினேன்.

"அப்பா, பாண் வாங்கவோ எண்டு அம்மா கேக்கிறா."

பாதத்தின்மேல் இருந்த சூடு போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் அலுமாரிக்கு மேலே இரண்டு கண்.

கையைக் கழுவினேன். அலுவலக நண்பர் ஒருவர் மேலதிகாரியைப் பற்றி அனுப்பியிருந்த நீளமான சிங்கள முறைப்பாடு போனில் கிடந்தது, அதைப் போட்டுவிட்டேன். ஆண் குரல், அதுவும் கோபக் குரல். குட்டி கீழே இறங்கி வந்து மீன் தட்டைப் பார்த்தது. ராத்தா எப்போதோ அனுப்பிய மெசேஜைப் போட்டேன், அசையவில்லை. மனைவியின் மெசேஜ் ஒன்றைப் போட்டேன். காதைத் தலையோடு ஒட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே ஓடியது.

அங்கே ஆள் இல்லை, வாசனை இல்லை, பெண் இல்லை, பிள்ளை இல்லை. குரல் மட்டும்தான் இருந்தது. அந்தக் குரல்களை அது எங்கே கேட்டுப் பழகியது? ஏழு மணிக்கு. சீனிப் போத்தலில் சாய்ந்திருக்கும் போனிலிருந்து அந்த இரண்டு குரலும் எழும்பும், உடனே ஒரு கை வந்து அதன் நித்திரையிலிருந்து அதைப் பிடுங்கும், நெஞ்சை இறுக்கும், கால் அந்தரத்தில் தொங்கும், கண்ணுக்குள் டோர்ச் அடிக்கும். இப்படியே ஒவ்வொரு மாலையும். அந்தக் குட்டி நடனமாடிய நாட்களையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஒரு நாளும் அது நடனமாடவில்லை. இறங்கத்தான் பார்த்திருக்கிறது.

அவர்கள் பாணோடு வந்தார்கள். மனைவி அடுப்பு மூட்டினாள். நான் மகளைப் பாயில் இருத்தி, பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"அதுக்கு உங்களிலை கோபம் இல்லை. உங்களுக்குக் காட்டுறதுக்காக நான் ஒவ்வொரு நாளும் அதை இறுக்கிப் பிடிச்சு வைச்சிருந்தனான். அதுக்கு அது பிடிக்கேல்லை. பிடிக்கிற நேரமெல்லாம் உங்கடை குரலும் அம்மாவின்ரை குரலும்தான் கேட்டது. அதாலைதான் இப்ப அந்தக் குரலைக் கேட்டாலே ஓடுது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்ப அது டான்ஸ் ஆடேல்லையோ?"

"இல்லையம்மா."

"அப்ப உங்களுக்கு ஏன் பயப்பிடேல்லை? நீங்கள்தானே பிடிச்சது?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. யோசித்துக்கொண்டே சொன்னேன். "நான்தானே சாப்பாடும் குடுக்கிறன். என்ரை காலடியிலைதான் படுக்குது. அதுக்கு என்னை முழுசாத் தெரியும். போனுக்குள்ளை இருக்கிற ஆளைக் குரலிலை மட்டும்தானே தெரியும். அதாலை குற்றமெல்லாம் அந்தக் குரலிலை போய் விழுந்திட்டுது."

அவள் பாயின் நாரை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள்.

"அம்மாவும் என்னை அப்பிடித்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவ."

குறையாகச் சொல்லவில்லை. பூனைக்கும் தனக்கும் ஓர் ஒற்றுமை கண்டுபிடித்த பிள்ளையின் குரல் அது. ஆனால் ஏழு மணித் திரையில் அவளுடைய தோளில் இருக்கும் கை எனக்கு நினைவுக்கு வந்தது. விளையாட்டின் நடுவிலிருந்து, டி.வி.யின் முன்னாலிருந்து, பாதிச் சாப்பாட்டிலிருந்து ஒவ்வொரு மாலையும் அவளைப் பிடித்து வந்து நிறுத்தும் ஒரு கை இருந்தது. அந்தக் கையில் அவளுக்குக் குற்றம் தெரியாது. அதே கைதான் தலை பின்னிவிடுகிறது, சோறு தீத்துகிறது, காய்ச்சலுக்கு நெற்றியில் வைக்கிறது. குற்றமெல்லாம் குரலில் போய் விழுந்தது. சாப்பிட்டாச்சோ, பள்ளிக்கூடம் எப்பிடி என்று கேட்கிற குரல். அந்தக் குரலுக்கு உரியவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் அம்மாவின் பின்னால் போய் நின்றாள். அங்கே அலுமாரி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. மனைவி திரும்பாமலே சொன்னாள். "நான் என்ன செய்யிறது? விட்டால் ஓடியிடுவாள். நீங்கள் அங்கை தனியப் பார்த்துக்கொண்டு இருப்பியள் எண்டுதான்." நான் மகளுக்காகப் பூனையைப் பிடித்தேன், அவள் எனக்காக மகளைப் பிடித்தாள். யாரைக் கோபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"இனி ஏழு மணிக்கு நான் எடுக்க மாட்டன்" என்றேன். "பிள்ளைக்குக் கதைக்கோணும் போல இருந்தால் அவ எடுக்கட்டும். நீர் கூப்பிட வேண்டாம்."

"எடுக்காட்டி?"

"எடுக்காட்டி எடுக்காமல் இருக்கட்டும்." பெரிய மனிதனைப்போல அதைச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை அவர்கள் போகவில்லை. பேசாமல் இருந்தால் வருமா என்று மகள் கேட்டாள், வரலாம் என்றேன். அதன்பிறகு என் வீட்டில் யாரும் வாய் திறந்து பேசவில்லை. அவள் தரையில் படுத்துப் படம் கீறுவாள். நான் மேசையில் என் வாய்க்காலைக் கீறுவேன். மனைவி ஏதாவது வேண்டுமென்றால் கையைக் காட்டுவாள். கேள்வி கேட்க எனக்கு வாய் ஊறும், விழுங்கிக்கொள்வேன். குட்டி முதலில் அலுமாரியிலிருந்து கட்டிலுக்கு இறங்கியது, பிறகு கட்டிலிலிருந்து தரைக்கு. மகள் ஒரு நெத்தலியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் பாட்டுக்குக் கீறிக்கொண்டிருந்தாள். பிறகு மிகத் தாழ்ந்த குரலில் தனக்குத்தானே பாடத் தொடங்கினாள், குட்டி சாப்பிடும்போது மட்டும். அம்மா தூண்டியும் போனில் ஒரு நாளும் பாடாத அந்தப் பாட்டுத்தான். நான் தலையை நிமிர்த்தவில்லை.

அவர்கள் புறப்படுவதற்கு முதல் நாள் அது அவளுடைய மடியில் ஏறிப் படுத்துவிட்டது. அவள் அசையவில்லை. கால் விறைத்துப்போயிருக்கும், முகத்தில் தெரிந்தது. கண்ணால் என்னைக் கூப்பிட்டு, கையால் தண்ணீர் என்று காட்டினாள். கொண்டுபோய்க் குடிக்கக் கொடுத்தேன். குடித்துவிட்டு, என் முழங்காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். அந்த முதுகு எதற்கும் காத்திருக்கவில்லை. பூனைக்காகத்தான் சாய்ந்திருப்பாள், பிடிமானம் வேண்டுமே. அதற்கும் நான் தயாராகத்தான் இருந்தேன்.

அவர்கள் போன அன்று மாலை ஏழு மணிக்குக் கை தானாகப் போனை எடுத்தது. திரும்ப வைத்தேன். சொன்ன சொல்லை நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன். அடுத்த நாளும் அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. "பிள்ளை சுகம், சாப்பிட்டவ" என்று மனைவி மட்டும் செய்தி அனுப்புவாள். வாரம் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. போனைக் குளியலறைக்கும் கொண்டுபோனேன். சத்தத்தைக் கூட்டி வைத்ததால், வங்கியிலிருந்து வருகிற விளம்பரச் செய்திக்கெல்லாம் குட்டியும் நானும் சேர்ந்து திடுக்கிட்டோம். கேள்வி கேட்டு "ஓம்" என்ற பதிலாவது வாங்கிக்கொண்டிருந்தேனே, அதையும் நானே கெடுத்துக்கொண்டேனே என்று ஒரு மாலை வாய்விட்டு அழுதேன். முன்வீட்டில் டி.வி. ஓடியதால் யாருக்கும் கேட்டிருக்காது.

அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமைப் பின்நேரம். பல்லேகமவில் ஒரு குளத்தை அளந்துகொண்டிருந்தோம். அங்கே கீழே சிக்னல் கிடைக்காது, குளக்கட்டில் ஏறினால்தான் கிடைக்கும். தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் குளக்கட்டின்மேல் ஏறியபோது போன் அடித்தது. மனைவியின் இலக்கம், வீடியோ அழைப்பு. ஏதோ நடந்துவிட்டது என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

திரையில் யாரும் இல்லை. எங்கள் வீட்டு முகடும் சுற்றுகிற மின்விசிறியும் தெரிந்தன. போனைத் தரையில் வைத்திருக்கிறாள்.

"அப்பா."

"ஓம் அம்மா."

"சும்மாதான் எடுத்தனான்."

சாப்பிட்டாச்சோ என்று கேட்க வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன். வெயிலில் திரை தெரியாமல் இருந்ததால் தொப்பியைக் கழற்றி மறைத்துப் பிடித்துக்கொண்டு விசிறியைப் பார்த்தேன். பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டது. வெகுநேரம் அப்படியே இருந்தோம்.

"அப்பா, என்ரை முன்பல்லு விழுந்திட்டுது."

"அம்மா பார்த்தவவோ?"

"அம்மா குளிக்கிறா. அவவுக்கு இன்னும் தெரியாது."

வயலுக்குள் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்ற தொழிலாளி, வேலையைத் தொடங்கலாமா என்று சிங்களத்தில் கத்திக் கேட்டார். பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டுக் குளக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பல் எப்படி விழுந்தது என்று நான் கேட்கவில்லை. பாணைக் கடித்தபோது ஆடியதையும், நாக்கால் தள்ளியதையும், இரத்தம் உப்பாக இருந்ததையும் அவள் தானாகவே சொல்லிக்கொண்டு போனாள்.